இஸ்திரிப் பெட்டி செய்த வேலை

பாப்பா,

கம்ப்யூட்டரை இன்னொரு தடவை பிரிக்காதே. கோளாறு நீ பாகம் பாகமாக வாங்கி மாட்டியதில் இல்லை, என் இஸ்திரிப் பெட்டியில். காலையில் தைத்த சட்டையைத் தேய்க்கும்போதுதான் கவனித்தேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் உன் கம்ப்யூட்டர் அணைந்து, தானாகவே மறுபடி கிளம்புகிறது. உன் கம்ப்யூட்டர் இருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே அதைச் சொருகியது நான்தான்.

மூன்று நாளாக நீ ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி மாட்டினாய். நானோ அத்தை முன்னால், "கடையில ரெடியா வாங்கியிருந்தா இந்தத் தலைவலி உண்டா?" என்று குத்திக்காட்டினேன். அத்தைக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அதற்குமேல் தேய்க்கவில்லை, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் சாப்பிடு.

அம்மா

இன்னொன்று: சட்டை தைக்கக் கொடுத்த வாத்தியார் நாலு மணிக்கு அதை வாங்க வருவார். ஒரு கை மட்டும்தான் தேய்த்திருக்கிறேன். "ஏம்மா இப்படிக் கசங்கியிருக்கு?" என்று கேட்டால், "எங்கம்மா தப்பு"ன்னு உரக்கவே சொல்.