அது பென் டிரைவ் இல்லை

மார்ச் 3, செவ்வாய்
நீச்சல் பயிற்சியில் ஆறாவது சுற்றிலேயே மூச்சு முட்டிவிட்டது. கரையில் நின்று கோச் கத்தினார்: "மீன் மாதிரி போவியே! இப்ப என்ன, மார்க்கெட் மீன் மாதிரி கிடக்கிற?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

காரணம் எனக்கும் மின்னலுக்கும் மட்டும்தான் தெரியும். மின்னல் என் உயிர்த்தோழி. ரிலேயில் எனக்கு அடுத்துக் குதிப்பவள். பள்ளிக் கழிப்பறையில் எனக்கு முதன்முதலில் வேப் நீட்டியவளும் அவள்தான். விரல் நீள மின்சிகரெட், ஸ்ட்ராபெர்ரி வாசனை. நாலு மாதமாகிறது. நினைத்தால் விட்டுவிடுவேன். இன்னும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 5
என் பையில் பேனா தேடிய அம்மாவின் கையில் அது சிக்கிவிட்டது.
"என்னடி இது?"
"பென் டிரைவ்மா. புராஜெக்டுக்கு."
"ஓ" என்று திரும்ப வைத்துவிட்டாள். என் மூளையே மூளை!

மார்ச் 6
என் மூளையில் இடி விழ. ஏதோ படிவம் ஏற்றிவர வேண்டுமென்று அம்மா அதை வேலைக்கு எடுத்துப் போயிருக்கிறாள்! அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில், கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்து, நுழையவில்லை என்று டாக்டரிடமே நீட்டியிருக்கிறாள். அது என்னவென்று அவர்தான் சொல்லியிருக்கிறார்.

"எதிர்ல நாலு பேஷன்ட். டாக்டர் மூஞ்சியை நீ பார்த்திருக்கணும்" என்று சிரித்தாள். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.
"உன்னால விட முடியுமாடி?"
"இப்பவே விடுறேன்மா."

மார்ச் 7
முதல் நாள். ஜுஜுபி.

மார்ச் 8
ஜுஜுபி என்று எழுதியவளை நாலு சாத்து சாத்த வேண்டும். தலைவலி. அப்பா மெல்லும் சத்தம்கூடக் காதில் அறைகிறது. "மெதுவா மெல்லுங்கப்பா!" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் சாப்பிட்டது வாழைப்பழம்.

மார்ச் 16
ஊத்திக்கிச்சு. ஒன்பது நாள் தாக்குப்பிடிச்சேன். இன்னிக்குக் கழிப்பறையில மின்னல் நீட்டினா. வேண்டாம்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன் — கை முந்திக்கிச்சு. நினைச்சா விட்டுடுவேன்னு இத்தனை நாள் யார்கிட்ட பொய் சொன்னேன்? என்கிட்டயேவா?

மார்ச் 17
நானே அம்மாவிடம் சொன்னேன். "தனியா முடியலன்னா துணைக்கு ஆள் தேடுவோம்" என்று பள்ளி நர்ஸிடம் அழைத்துப் போனாள். உபதேசத்துக்குத் தயாராக உட்கார்ந்தேன். நர்ஸோ, "நிகோடின் கேட்டு மூளை பழகிடுச்சு. நீ சொத்தைன்னு அர்த்தமில்ல. ஆசை வந்தா கொஞ்ச நிமிஷம் கடத்து, தானா இறங்கும். முடியலையா, இங்க ஓடி வா" என்றார்.

கோச்சிடமும் சொன்னேன். "மூச்சு திரும்பட்டும், பார்க்கலாம்" என்று ரிலேயிலிருந்து எடுத்துவிட்டார். வலிக்கிறது. நியாயம்தான்.

மார்ச் 24
இந்த வாரம் நர்ஸ் அறைக்கு ஐந்து முறை ஓடினேன். கோச் கொடுக்கும் பயிற்சியே இந்த ஓட்டத்திடம் தோற்றது.

ஏப்ரல் 9
நான் நர்ஸிடம் போனதிலிருந்து, மூன்று வாரமாக, மின்னல் என்னோடு பேசவில்லை. இன்று தேர்வின் நடுவில் கழிப்பறைக்குப் போகக் கேட்டு, விடவில்லை என்றதும் அழுதே விட்டாளாம். மணி அடித்ததும் படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.
"உனக்கு மட்டும் எப்படிடி முடிஞ்சது?"
"எங்கடி முடிஞ்சது? காலையிலகூட மனசு பிறாண்டுச்சு."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நர்ஸ் நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
"இன்னிக்கு யாருக்கு?"
"ரெண்டு பேருக்கும்" என்றேன்.
இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.