வொல்வோவின் மணிக்கூடு

ஜனவரி 10, சனி

வொல்வோவுக்குப் பனி ரயர் பூட்டினேன். கார் என்னைவிட இரண்டு வயது இளையது; குளிருக்கு என்னைப்போல முனகுவதில்லை. மாத முடிவில் ஹலிபேர்ட்டன் மலைகளில் பழைய கார்களின் இரண்டு நாள் பனி ரலி. வேகப் போட்டியல்ல. குறித்த நேரத்துக்கு ஒவ்வொரு செக்பொயின்றுக்கும் போகவேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி வெட்டு. நான் ஓட, மனைவி வதனா வழியும் நேரமும் பார்ப்பாள்.

"ஒரு பகுதி நான் ஓடட்டோ?" என்று கேட்டாள். முந்திப் பேக்கரி வான் ஓடினவள். கியர் மாற்றத் தெரியும். நான் ஸ்பானர் தேடுவதுபோலக் குனிந்துவிட்டேன்.

ஜனவரி 18

வதனா குசினி மேசையில் கிலோமீற்றரை நிமிடமாக்கிப் பழகுகிறாள். கெட்டிக்காரி. முகத்துக்கு நேரே சொல்லமாட்டேன்.

ஜனவரி 31, சனி, விடுதி

காலையில் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்தோம். பக்கத்துக் கார்க்காரர் மரியோ ஏனென்று கேட்டார். ரயருக்கு விற்றமின் சி என்றாள் வதனா. அவ்வளவு சந்தோசமாக இருந்தாள்.

ரலி நடத்துபவர்கள் போன்களை வாங்கி வைத்துவிட்டார்கள். காரின் மணிக்கூடுதான் கதி. வெளிக்கிட்ட அவசரத்தில் நாங்கள் அதைப் பார்க்கவில்லை. ஏழாவது கிலோமீற்றரில் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் பிந்திவிட்டோம், மிதியுங்கோ என்றாள். மிதித்தேன். பனி வளைவில் பின்பக்கம் வழுக்கிப் பள்ளத்தின் விளிம்புவரை போனது. செக்பொயின்றில் சிரித்தார்கள் — ஆறு நிமிடம் முந்தி வந்திருக்கிறோம்! அடுத்ததிலும் அதே கதை. மரியோவுக்கு முன்னாலேயே கத்தினேன்: "உனக்கு மணிக்கூடு பாக்கத் தெரியாதோ?"

இங்கே வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு நான் வரமாட்டன். வேறை ஆளைப் பாருங்கோ."

முப்பத்தொரு வருடத்தில் இப்படிச் சொன்னதில்லை. வேறை ஆர் இருக்கினம் எனக்கு?

பெப்ரவரி 1, காலை

காரைச் சூடாக்கப் போனேன். ரேடியோவில் ஏழு மணிச் செய்தி. மணிக்கூட்டில் ஏழு பத்து.

ஐயோ. நான்தான்.

போன நவம்பர் கடைசியில் அக்காவின் மகள் கௌசியின் கலியாணம். வதனா வழியில் பூக்கடை, பலகாரக் கடை என்று மினக்கெடுவாள் என்று, அவளுக்குச் சொல்லாமல் மணிக்கூட்டைப் பத்து நிமிடம் முன்தள்ளி வைத்தேன். பிறகு கார் கராஜை விட்டு வெளிக்கிடவேயில்லை, நானும் மறந்துபோனேன். வெட்கமாக இருக்கிறது.

சொல்லாமல் விடலாமோ? அவளுக்குத் தெரியவே வராது. — சீச்சீ.

பெப்ரவரி 2, யூனியன்வில், வீடு

நேற்றுக் காலையே விடுதி அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கொதித்த கேத்தலை நிற்பாட்டினாள். பிறகு கையை நீட்டினாள். கார்த் திறப்பைக் கொடுத்தேன்.

நேற்று முழுக்க அவள்தான் ஓடினாள். நான் வழிப்புத்தகம் வாசித்தேன். இரண்டு இடத்தில் பிழையாக வாசித்தேன். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கடைசி செக்பொயின்றில் நாலு செக்கன்தான் பிழை. மொத்தத்தில் கடைசியிலிருந்து மூன்றாவது.

வீட்டுக்கும் அவளே ஓடி வந்தாள். திறப்பு இன்னும் அவளுடைய கைப்பையில் இருக்கிறது. நான் கேட்கவில்லை.