கல்லட்டி ஏற்றத்தில் நின்ற வண்டி

மசினகுடி,
செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகள் கெஸியாவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த வெயில் ஊரில் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் எழுந்ததும் உன் பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோம், இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். லிஜி லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன். போனில் இதைச் சொல்ல என்னால் முடியாது, அப்பாவும் பக்கத்திலேயே இருக்கிறார். கொஞ்ச நாளாக அப்பா ஏன் உன்னிடம் பேசுவதில்லை என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், நானும் தூங்குகிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று ஏதாவது சொல்லி வைக்கிறேன். ஆறுக்குட்டி மாமா நெஞ்சு வலியில் போய்விட்டார் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். எங்கே எப்படி என்று சொல்லவில்லை. அது நம்முடைய வண்டியில் போகும்போது நடந்தது கெஸியா.

அப்பாவின் பிக்கப் எவ்வளவு பழசு என்று உனக்குத் தெரியும், நீ பள்ளிக்கூடத்துக்குப் போனதே அதில்தான். இங்கேயிருந்து எரு மூட்டை ஏற்றிக்கொண்டு ஊட்டிப் பக்கம் தோட்டங்களுக்குப் போவதும், திரும்பும்போது கேரட், பீட்ரூட் ஏற்றிக்கொண்டு வருவதும்தான் அப்பாவுக்கும் ஆறுக்குட்டி மாமாவுக்கும் எத்தனையோ வருஷமாகப் பிழைப்பு. ஈஸ்டருக்கு முன்னாலிருந்தே வண்டி தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருந்தது. காலையில் ரேடியேட்டரை நிரப்பினால் மத்தியானம் பாதிதான் இருக்கும், கீழே ஒரு சொட்டும் ஒழுகாது, ஆனால் புகை வெள்ளையாக வரும். ஹெட் போயிருக்கும், கழற்றிப் பார்க்க வேண்டும் என்று அப்பாவே சொன்னார். சீசன் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டு வந்தார், இரண்டு கேன் தண்ணீரைப் பின்னால் போட்டுக்கொண்டு ஓட்டினார். அன்றைக்கு வெயிலும் கடுமை, லோடும் கடுமை. கல்லட்டி ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் சூடு காட்டுகிற முள் சிவப்புக்கு ஏறிவிட்டது, ஆவி குபுகுபுவென்று வந்து ஒரு வளைவில் வண்டி நின்றேவிட்டது. ஆறுக்குட்டி மாமா குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். கொண்டுபோன தண்ணீர் போதவில்லை. ஓடை கீழ் வளைவில் இருக்கிறது, அங்கே இறங்கி கேனை நிரப்பிச் சுமந்துகொண்டு மேலே ஏறி வந்தார். வந்தவர் கேனை வைத்துவிட்டு, அண்ணா நெஞ்சு ஒரு மாதிரி பிடிக்குது என்று சொல்லி ரோட்டோரம் உட்கார்ந்தாராம்.

அந்த இடத்தில் போனுக்கு டவர் கிடையாது. அப்பா இரண்டு தடவை வண்டியை எடுத்துப் பார்த்திருக்கிறார், இன்ஜின் பிடித்துக்கொண்டு அசையவே இல்லை. கடைசியில் ஒரு டூரிஸ்ட் ஜீப் வந்தது. உள்ளே இருந்தவர்கள் நல்லவர்கள், குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுத்தார்கள். தலைக்குந்தா தாண்டுவதற்குள் அப்பாவின் தோளில் சாய்ந்தபடியே அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று. டாக்டர், அதை யாராலும் சொல்ல முடியாதுங்க என்றார். நீ நர்ஸ், உனக்கு இதில் ஏதாவது தெரியலாம். தெரிந்தாலும் எங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

அடக்கத்துக்குப் போனபோது, புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சாந்தாமணி அழவில்லை. அப்பாவைப் பார்த்து, "தண்ணி குடிக்குதுன்னு தெரிஞ்சும் ஏனுங்கண்ணா லோடு ஏத்துனீங்க?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், அவள் கையை இழுத்துக்கொண்டாள். அதில் அவள்மேல் எனக்கு வருத்தமில்லை கெஸியா, அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் என்னென்னவோ கேட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு வண்டியை வேறொரு வண்டியில் கட்டி இழுத்து வந்து நம் வீட்டுப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அப்பா அதன் பக்கமே போகவில்லை. ஒரு ரிசார்ட்டில் கேட் காவலுக்கு உட்காரப் போனார், வந்தால் சாப்பிடுவார், படுப்பார். சர்ச்சுக்குக் கூப்பிட்டால் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் பாட்டு முடியும் முன்பே எழுந்து போய்விடுவார். போதகர் வீட்டுக்கு வந்து பேசினார், பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசினார்கள், எல்லாரும் உங்கள் தப்பில்லை என்றே சொன்னார்கள். அப்படிச் சொல்லச் சொல்ல அவர் இன்னும் ஒடுங்கிப்போனார். ஒருநாள் மேட்டுப்பாளையத்திலிருந்து பழைய இரும்பு எடுக்கிறவரை வரச் சொல்லிவிட்டேன் என்றார். நான் சரி என்றுதான் இருந்தேன். எனக்கும் அந்த வண்டியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எப்படியோ இது சாந்தாமணி காதுக்குப் போயிருக்கிறது. மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். உள்ளே வா என்றேன், வரவில்லை, வாசலிலேயே நின்றாள். "வண்டிய எடைக்குப் போடறீங்களாமா?" என்றாள். அப்பா தலையை ஆட்டினார். "போட்டுட்டா அவரு எந்திரிச்சு வந்துருவாருங்களா? நம்ம பக்கத்துல நாளைக்கு இன்னொருத்தருக்கு நெஞ்சு வலிச்சா எதுலீங்கண்ணா கொண்டு போறது? அவரும் ஒழைச்ச வண்டிங்க அது. நல்லபடியா செஞ்சு ஓட்டுங்க." இவ்வளவுதான் சொன்னாள். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை, அவள் முகத்திலும் அப்படி ஒன்றும் இல்லை. அவள் போன பிறகு அப்பா போய் வண்டிமேல் போட்டிருந்த தார்ப்பாயை இழுத்தார். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஊட்டியிலிருந்து பொன்னுத்துரை மேஸ்திரி வந்தார். ஹெட் என்பது இன்ஜினுக்கு மேலே பெரிய மூடி மாதிரி இருக்கிற இரும்புக் கட்டி, எனக்கே இப்போதுதான் தெரியும். அதைக் கழற்றித் திருப்பி வைத்தார்கள். அடியில் போடுகிற கேஸ்கெட் ஒரு பக்கம் கரிந்து போயிருந்தது, எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் டீ மாதிரி இருந்தது. வால்வு உட்காருகிற இரண்டு குழிக்கு நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல். அப்பா அதையே பார்த்துக்கொண்டு, இது அன்றைக்கு வந்ததா முன்னாலேயே இருந்ததா என்று கேட்டார். மேஸ்திரி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, விரிசலுக்குள்ளே கரி ஏறியிருக்கிறது, பழசுதான் என்று சொல்லிவிட்டார். பொய் சொல்லியிருக்கலாமே என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பா தானாகவே, பழசுதான் ஜெஸி, எனக்குத் தெரியும் என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் பேரைச் சொல்லி அவர் பேசினது அதுதான்.

அந்த ஹெட்டை ஏற்கெனவே இரண்டு தடவை லேத்தில் சீவியிருக்கிறார்கள், இனிமேல் சீவினால் ஒன்றும் மிஞ்சாது, விரிசலை ஒட்டினாலும் மலையில் நிற்காது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். இந்த வண்டிக்குப் புதுசு கிடைப்பதில்லையாம். அப்பாவும் அவரும் கோயமுத்தூர் போய், பழைய சாமான் கடையெல்லாம் ஏறி இறங்கி ஒன்று தேடிப் பிடித்து, காற்று அடைத்துத் தண்ணீரில் முக்கிச் சோதித்துக் கொண்டு வந்தார்கள். வால்வுகளை அப்பாவே வாசலில் உட்கார்ந்து, பசை தடவித் தேய்த்துத் தேய்த்து உட்கார வைத்தார். நான் டீ கொண்டுபோய் வைப்பேன், ஆறிப்போய்க் கிடக்கும். போல்ட் முறுக்குவதற்கு ஒரு வரிசை இருக்கிறதாம், நடுவிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போக வேண்டும், ஒரேயடியாக இறுக்கக் கூடாது. மேஸ்திரி முடித்துவிட்டேன் என்றார். அப்பா இன்னொரு தடவை முதலிலிருந்து பாருங்கள் என்றார். அவரும் முகம் சுளிக்காமல் திரும்பப் பார்த்தார். வாட்டர் பம்ப், ஹோஸ் எல்லாம் மாற்றினார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் முதலில் ஒரே புகை, பிறகு புகை அடங்கி இன்ஜின் ஒரே சீராக ஓடியது. அப்பா ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், வந்தால் இன்னும் கசிவு இருக்கிறதாம். வரவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, அவர் அழவில்லை.

முதல் தடவை ஏற்றம் ஏறியது போன வாரம். சாந்தாமணி விதவைப் பென்ஷன் விஷயமாக ஊட்டிக்குப் போக வேண்டியிருந்தது, நம் வண்டியிலேயே வருகிறேன் என்று அவளே சொல்லி அனுப்பினாள். லோடு ஏற்றவில்லை. நான் நடுவில், அவள் ஜன்னல் பக்கம். அந்த வளைவு வந்ததும் அப்பாவின் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விட்டது. இறங்கி ஒரு நிமிஷம் நிற்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, வண்டி ஓரம் ஒதுங்கியது. சாந்தாமணி வெளியே பார்க்கவே இல்லை, நேராக ரோட்டைப் பார்த்தபடி, "நிறுத்தாதீங்கண்ணா. போங்க" என்றாள். அப்பா கியரை மாற்றினார். முள் நடுவிலேயே நின்றது. தலைக்குந்தாவில் நிறுத்தி பானெட்டைத் திறந்து ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். திரும்பினால் சாந்தாமணி கடையிலிருந்து டீ வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். முதல் கிளாஸை அவரிடம்தான் நீட்டினாள். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, சூடு ஆறும் முன்பே குடித்தார்.

இனிமேல் பாதி லோடுதான் ஏற்றுவேன் என்கிறார், ரிசார்ட் வேலையை விட்டுவிட்டார். ஆனாலும் பழைய அப்பா ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே, இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. மற்றபடி இங்கே மழை சரியாகப் பிடித்திருக்கிறது, பின்பக்கத்து வாழையை யானை தள்ளிவிட்டுப் போய்விட்டது. லிஜியிடம் முறுக்கும் மிளகும் கொடுத்திருக்கிறேன், ரூமில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே. காலில் வீக்கம் என்றாயே, நீயே நர்ஸ் என்று அலட்சியமாக இருக்காமல் காட்டிக்கொள். ஒன்று கெட்டுப்போகிறது என்று தெரிந்த பிறகு தள்ளிப்போடாதே, அவ்வளவுதான் நான் சொல்வேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் செய், அப்பா பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் உங்கள் தப்பில்லை அப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. சாப்பிட்டீங்களா என்று கேள். பிறகு அவர் பேசும்வரை போனை வைக்காமல் இரு, எவ்வளவு நேரம் ஆனாலும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ஜெஸிந்தா செல்லதுரை