கராஜில் கிடந்த வார்

நெவில்,

ஆட்டுக்கறி ஸ்டூ அடுப்புல இருக்கு, சுட வெச்சுச் சாப்பிடு. வண்டிச் சாவி என்கிட்ட. நீ இன்னிக்கு ஆட்டு ரோமம் வெட்ட வரவே கூடாது.

நேத்து உன் முட்டியைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் சொன்னாங்களே, "முட்டியில கோளாறு இல்ல. நாளெல்லாம் குனிஞ்சு இடுப்புச் சதை இறுகிப்போச்சு. உடம்பு ஒருபக்கமாச் சாயுது, அந்தப் பாரம் முட்டியில இறங்குது"ன்னு.

குனியும்போது நெஞ்சைத் தாங்க நீ ரோமம் வெட்டுற கொட்டகை உத்தரத்துல வார் கட்டினப்போ, "பாப்பாவுக்குத் தொட்டிலா?"ன்னு கொட்டகையே சிரிக்கக் கேட்டவன் நான்தானே. அன்னிக்கே கழட்டி கராஜ் மூலையில போட்டுட்டே. மூணு வருஷமா நொண்டுறே.

தப்பு என்னோடதுடா தம்பி.

டாரல்

பி.கு. நாய்க்கு எலும்பு போட்டாச்சு. உன் வாரை எடுத்துக்கிட்டேன். இன்னிக்கு அதைக் கட்டிக்கிட்டுத்தான் வெட்டப்போறேன். சிரிக்கிறவன் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.