வீட்டுச் சேர்ட்

வெள்ளவத்தை,
பங்குனி 1997, வியாழக்கிழமை.

அன்புள்ள நமசிவாயம்,

நீர்கொழும்பில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுத ஒன்றும் இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், மச்சான். நம்முடைய றேமண்டைப் பொலிஸ் பிடித்துவிட்டது. உன்னுடைய சேர்ட்டால்.

பொடியள் கூடி வாடகைக்கு இருந்த நம் சமறியின் சட்டம் உனக்கு மறந்திருக்காது. வீட்டை விட்டுப் போகிறவன் ஒரு நல்ல சேர்ட்டை வீட்டுக்கென்று விட்டுப் போக வேண்டும். நீயும் அந்த நீலக்கோடு போட்டதை ஆணியில் கொளுவிவிட்டுப் போனாய். பாஸ்போர்ட் கைக்கு வந்த சந்தோசப் புளுகத்தில் சேர்ட்டுப் பைக்குள் உன் அடையாள அட்டை கிடந்ததைப் பார்க்கவில்லை. றேமண்ட் எதைத்தான் பார்த்தான்? திங்கள் காலை கம்பஸில் பரீட்சை. நித்திரையால் பிந்தி எழும்பி, அதை மாட்டிக்கொண்டு ஓடினான். காலி வீதிச் சோதனைச்சாவடியில் காற்சட்டைப் பைக்குள் இருந்து அவனுடைய அட்டை வந்தது. சேர்ட்டுப் பைக்குள் இருந்து உன்னுடையது வந்தது. இரண்டு அட்டையோடு ஒரு தமிழ்ப் பொடியன் என்றால் பிறகு நடப்பதைச் சொல்லத் தேவையில்லை.

இது எங்கட வீட்டுச் சேர்ட் என்று அவன் சொல்லியிருக்கிறான். அங்கே ஒருவரும் நம்பவில்லை. பொலிசுக்கு நான் போனபோது, வளர்ந்த ஆம்பிளையள் ஒருத்தன்ரை உடுப்பை ஒருத்தன் போடுவாங்களோ என்று சிங்களத்தில் கேட்டார்கள். எட்டுப் பேர் ஒரு வீட்டைக் கூட்டாக எடுத்து, ஒரே பானையில் சமைத்து, ஒரே கொடியில் காயப்போட்டு, முதலில் எழும்புகிறவன் நல்ல சேர்ட்டோடு போகிற எங்கள் சீவியத்தை எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினேன். பொலிஸ் பெரியவர் சிரித்தார். நீங்கள் படித்த பொடியள்தானே, இன்னும் நல்ல பொய்யாகச் சொல்லலாமே என்றார்.

அந்த எட்டுப் பேரில் இப்போது இங்கே நான் ஒருவன்தான். நீ போனபிறகு இரண்டு சுற்றிவளைப்பு. பொடியள் கூடி இருந்தால்தான் ஆமி வருகிறது என்று ஒவ்வொருவனாகக் கழன்றான்கள்; கடைசியில் றேமண்டும் நானும்தான் மிச்சம். ஒருத்தன் தெகிவளையில் மாமன் வீட்டில், ஒருத்தன் லொட்ஜில், எல்லாரும் தங்கள் தங்கள் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். வீட்டுக்கார இராஜநாயகமும் தம்பி, இனிக் குடும்பகாரருக்குத்தான் குடுக்கிறது, மாதம் முடிய எழும்புங்கோ என்று சொல்லிப்போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரையும் இரண்டு தரம் கொண்டுபோய் விசாரித்தார்கள்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். முன்பு ஒருத்தன் இருட்டின பிறகும் வரவில்லை என்றால் மற்றவன் சோற்றில் கை வைக்க மாட்டான். ஏழு பேரும் வாசலில் நிற்போம். திங்களன்று நான் ஒருவனாக நின்றேன். தெகிவளைக்கு ஓடினேன். நம்முடைய ஆள், என்னோடு ஒரே பாயில் படுத்தவன், யன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று, மாமி பயப்படுறா, பிறகு வாவன் என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்பியைப் பிடுங்கியிருப்பேன். திரும்பி வரும்போது கடற்கரை ரயில்பாதையில் குந்தியிருந்து அழுதேன். உனக்குச் சொல்ல என்ன வெட்கம்.

சட்டத்தரணி தியாகராசாவைப் பிடித்தேன். அட்டைக்குச் சொந்தக்காரன் பாஸ்போர்ட்டோடு நேரே வந்து, அட்டை என்னுடையது, சேர்ட் நான் விட்டுப் போனது என்று வாக்குமூலம் கொடுத்தால் விடுவிக்கலாமாம். கடிதம் மட்டும் காணாது, ஆள் வேணும் என்கிறார். சனிக்கிழமை தாண்டினால் தடுப்பு முகாமுக்கு ஏற்றிவிடுவார்களாம். அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று எவருக்கும் தெரியாது.

உன்னை மறித்து வைக்க மாட்டார்களா என்றும் கேட்டேன். தியாகராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உனக்கு நான் பொய் எழுத மாட்டேன். அடுத்த கிழமை உன் வெளிநாட்டுப் பயணம். அதற்கு உன் ஐயா காணியை விற்றது எனக்குத் தெரியும்.

நேற்று றேமண்டை ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். ஒரு கண் மூடியபடி வீங்கியிருந்தது. நீ எங்கே என்றுதான் கேட்டு அடிக்கிறார்களாம். தெரியாது என்றே சொல்லிக்கொண்டு இருக்கிறான். என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: நமசி அண்ணைக்கு எழுதாதேங்கோ, அவற்ரை பயணம் குழம்பிப் போடும். நான் தலையாட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

தபாலில் போட்டால் பிந்திவிடும். இதைக் கொண்டுவந்து உன் முன்னால் நிற்கிறவர் அவனுடைய அம்மா, மேபல். திருகோணமலையில் இருந்து ரயிலில் வந்து, கொட்டாஞ்சேனையில் தங்கி, விடிய விடியக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் முழங்காலில் நிற்கிறார். உன் பயணம் பற்றி அவருக்கு நான் சொல்லவில்லை. நமசிவாயம் நல்ல பிள்ளை, மகனோடு ஒரே வீட்டில் இருந்தவன் என்று மட்டும் சொன்னேன். அப்ப வராமல் இருப்பானோ தம்பி என்றார்.

எங்கிருந்தாலும் பத்திரமாக இரு என்று எழுதி முடிப்பதுதான் முறை. எனக்குக் கை வரவில்லை. அம்மாவோடு வா.

உன்,
சிவபாதசுந்தரம்