மேலே உங்க அளவு, கீழே என் அளவு

என்னங்க,

கோபத்துல சாப்பிடாம படுத்துடாதீங்க. சோறு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன்.

சமையலறை அலமாரிக்கு விலை கேட்டோமே, அந்தக் கார்ப்பென்டர் போன் பண்ணினார். "சுவரோட அகலம், போட்டோ, உள்ளே என்னென்ன வைக்கப்போறீங்க, எல்லாம் அனுப்புங்கம்மா. குத்துமதிப்பா விலை சொல்லமாட்டேன். அதுவும் நீங்க ஒரு அகலம் சொல்றீங்க, சார் ஒண்ணு சொல்றாரு"ன்னு சிரிச்சார். மானம் போச்சு.

அந்த ரெண்டு விரக்கடை வித்தியாசத்துக்குத்தானே நேத்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டோம்? உங்க மூக்கை உடைக்கணும்னே காலையில டேப்பை எடுத்து மறுபடி அளந்தேன். கீழே, மேடையை ஒட்டி அளந்தா என் அளவு வருது. ஸ்டூல் போட்டு ஏறி மேலே அளந்தா உங்க அளவு! நீங்க நெட்டை, மேலே அளந்திருக்கீங்க. நான் குட்டை, கீழே அளந்திருக்கேன். சுவர்தாங்க கோணல். நாம ரெண்டு பேருமே சரி.

அதனால ரெண்டு அளவையும் அனுப்பிட்டேன். உள்ளே வைக்கவேண்டிய பாத்திரத்தை எல்லாம் தரையில பரப்பி வச்சிருக்கேன், மிதிச்சுடாதீங்க. போட்டோ நீங்க எடுங்க. நான் எடுத்தா பாதிச் சுவர்தான் விழும்.

சாவியை ஆணியில மாட்டுங்க, சட்டைப்பையில இல்ல.

பி.கு.: மேல்தட்டு எந்த உயரத்துல வேணும்னும் கேட்டார். என் கை எட்டற உயரத்துலன்னு சொல்லியிருக்கேன். அதை நான் ஒருத்தியா அளக்க முடியாது. நான் கையைத் தூக்கிக்கிட்டு நிப்பேன். நீங்க கோபத்தை நீட்டாம, டேப்பை நீட்டுங்க.