பந்திங் மூங்கில்

செவ்வாய், மார்ச் 12

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எங்கள் கிள்ளான் வீட்டு மீன்குளத்தைச் சுற்றி வேலியாக நிற்பது மூங்கில் அல்ல, பிளாஸ்டிக் குழாய். நான்தான் அறுத்து, மஞ்சள் பெயிண்ட் அடித்து, கணு மாதிரி பழுப்புக் கோடும் போட்டேன். மூங்கில்தான் வேண்டும் என்று கேட்ட மனைவி சாந்தியிடம், பந்திங்கில் சொல்லிவைத்து வெட்டியது என்று அளந்துவிட்டேன். மூன்று வருஷம் அவள் தெருவுக்கே அதைக் காட்டிப் பெருமைப்பட்டாள்.

இன்று அவளுக்குக் கருமாதி. பக்கத்து வீட்டு மாலதி குளத்தருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா இதப் பத்திப் பேசாத நாளே இல்ல அண்ணே. இவ்ளோ வெயில் மழையிலயும் கலர்கூட மங்கல. நல்ல மூங்கில் லா."

"பந்திங் மூங்கில்மா," என்றேன். இன்றைக்கும் என் வாய் கூசவில்லை. ஒருநாள் உண்மையைச் சொல்லி சாந்தியிடம் திட்டு வாங்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இனி யார் திட்டுவது?

எல்லோரும் போனபின் மீன் தீனி எடுக்க அவளுடைய பூந்தொட்டிகளுக்குப் பின்னால் கைவிட்டேன். தீனி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பெயிண்ட் டின்னும் பிரஷும் இருந்தன. அதே மஞ்சள். பாதி தீர்ந்திருந்தது.

நான் அந்தக் குழாய்க்குப் பெயிண்ட் அடித்தது முதல் வருஷம், ஒரே ஒரு தடவைதான்.